மாற்றாத தண்ணீர்

பிப்ரவரி 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் உலோகம் அரிக்கும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அரிக்கிறது கெட்டதுன்னு முதல் வரியிலயே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு இன்னும் ஆறு பக்கம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து அவளை உட்கார வைத்துவிட்டேன். அப்படியே பாடத்தைத் தொடர்ந்தேன். இன்று அவளைத் தேடிப்பிடித்து என் வலது கணுக்காலைக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. உள்ளே இரண்டு ஸ்க்ரூ இருக்கின்றன. மெதுவாக அரித்துக் கரைந்து காணாமல் போவதுதான் அவற்றின் வேலை.

இங்கே நானும் உன் மாமாவும் நலம். என் நலம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்த நலம். படியில் சறுக்கி விழுந்து இருபது நாள், ஆபரேஷன் முடிந்து பதினேழு நாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் ஒரு கொடிக் கயிறும் தெரிகின்றன. அந்தக் கயிற்றில் ஒரு நீலச் சட்டை நாலு நாளைக்கு ஒருமுறை காய்கிறது. அதற்குச் சொந்தக்காரரை நான் பார்த்ததில்லை, ஆனால் மூன்றாவது பொத்தான் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குக் கிளம்பினால் மாமா கதவோரம் நின்று, "இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்கிறார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் விசில் மட்டும்தான் கையில் இல்லை.

ஸ்டீல் போட்டால் பிறகு மறுபடி கீறி எடுக்க வேண்டியிருக்கும், கரையும் ஸ்க்ரூ என்றால் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது நான் குழம்பினேன். "யோசிக்காத அக்கா, நாங்க செய்யறதுதான், நம்பிப் போட்டுக்க" என்று நீ சொன்னாய். போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி கொடுத்த ஃபைலில் ஸ்க்ரூ பெட்டியின் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். பேட்ச் 47. வருகிறவர்களிடமெல்லாம் என் தம்பி செய்தது என்று காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் நீ மூன்று முறை "ம்" சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் "ம்" எழுத முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். அந்த ஸ்க்ரூவுக்கு மேலே ஏதோ பூச்சு பூசுவதாகச் சொல்வாயே, அதை விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

பூச்சு என்று சொல்கிறோமே தவிர, தூரிகையால் பூசுவதில்லை. மக்னீசியத்தை அப்படியே உடம்புக்குள் வைத்தால் எலும்பு கூடுவதற்கு முன்பே அரித்துத் தீர்ந்துவிடும். எலும்புக்கு எப்படியும் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு தோல் வேண்டும். ஸ்க்ரூவை ஒரு தொட்டித் திரவத்துக்குள் தொங்கவிட்டு உயர் மின்னழுத்தம் கொடுப்போம். ஸ்க்ரூ முழுவதும் ஊசிமுனை அளவுக்குப் பொறி பறக்கும். பொறி பட்ட இடமெல்லாம் உலோகத்தின் மேற்பரப்பே மாறி, பீங்கான் போல ஒரு தோல் கட்டிக்கொள்ளும். தலைமயிரை விட மெல்லிசு.

என் வேலை அதற்குப் பிறகு. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஆறு ஸ்க்ரூவை எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்த உப்புக் கரைசல் ஜாடியில் போடுவேன். மேலே கவிழ்த்த குழாயில் குமிழி சேரும். குமிழி அதிகமானால் அரிப்பு அதிகம் என்று அர்த்தம். பதினான்கு நாள் அளப்பேன். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் உடம்புக்குள் ரத்தம் தேங்கி நிற்பதில்லை. மாற்றினேன் என்று தினமும் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். இவ்வளவுதான் என் இருபத்திரண்டு வருட உத்தியோகம். பார்க்கிறவனுக்கு ஊறுகாய் போடுகிற இடம் மாதிரி இருக்கும்.

ஸ்டிக்கரில் 47 என்றுதான் இருக்கிறதா? எங்கள் அச்சில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி விழும். 41 ஆக இருக்கலாம். ஒருமுறை பார்த்து எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் உன்னிடம் வந்து கற்றுக்கொள்ளலாம். தோல் என்று சொன்னாயே, அது போதும், எனக்குப் புரிந்துவிட்டது. மழைக்கோட்டில் ஒரு தையல் விட்டால் போதும், அந்த ஒரு இடத்தில்தான் எல்லா மழையும் இறங்கும். பூச்சிலும் அப்படித்தானே?

எண் 47தான். மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "நாப்பத்தேழு, மாத்தமே இல்ல. உன் தம்பி டிப்போவுக்குத் தகவல் சொல்லு" என்றார். ஏன் கேட்டாய்?

அன்புடன்,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? கால் நலமா? காய்ச்சல் எதுவும் வரவில்லையே?

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். உன்னிடம் சில விவரங்கள் வேண்டும். தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மேடு தட்டியிருக்கிறதா? விரலால் அழுத்தினால் சத்தம் வருகிறதா? அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா? அடுத்த எக்ஸ்ரே எப்போது? காலை இன்னும் கீழே ஊன்றாமல் இருந்தால் நல்லது.

சும்மாதான் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவின் உடம்பையும்.

உன் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தில் என் நலத்தை எண்ணிப் பார்த்தேன், ஆறு இடத்தில் விசாரித்திருக்கிறாய். என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளையைப் பற்றி நீ கேட்டது ஒரே கேள்வி, அதுவும் அவரிடம் சைக்கிள் இருக்கிறதா என்பது.

கேட்டதற்குப் பதில். மேடு இருக்கிறது, ஒரு பட்டாணி அளவு. அழுத்தினால் சத்தம் வருகிறது. புது நோட்டின் அட்டையை முதல்முறை மடக்கும்போது நறநறவென்று ஒரு ஒலி வருமே, அது மாதிரி, ஆனால் தோலுக்கு அடியில். போன மாத எக்ஸ்ரேயில் டாக்டரும் பார்த்தார். இந்த ஸ்க்ரூவில் கொஞ்சம் வாயு வருவது சகஜம் என்றார். மக்னீசியமும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும் என்று முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். என் காலே இப்போது சோதனைக் குழாய். அடுத்த எக்ஸ்ரே ஏப்ரல் கடைசியில். நாலு நாளாக வலி கூடியிருக்கிறது. நடக்கத் தொடங்கியதால் இருக்கலாம்.

"சும்மா" என்ற சொல்லை நீ எப்போது சொல்வாய் என்று எனக்குத் தெரியும். என்ன விஷயம்?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் வந்து ஒரு மாதம் ஆகிறது. போனில் மாமா உன்னைப் பிடித்தபோது, மீட்டிங் என்று சொல்லி வைத்துவிட்டாயாம்.

உட்கார்ந்தே இருப்பவளுக்குக் கை சும்மா இருக்காது. பரணில் என் பள்ளிக்கூடத்து டப்பா ஒன்று இருந்தது. அதில் கொஞ்சம் மக்னீசிய நாடா மிச்சமிருந்தது. இரண்டு துண்டு வெட்டி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் விட்டுப் போட்டேன். முதல் டம்ளரின் தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றினேன். இரண்டாவதை அப்படியே விட்டேன். மாமாவுக்கு இரண்டு டம்ளர் குறைந்ததில் கோபம்.

ஒரு வாரம் ஆயிற்று. தண்ணீர் மாற்றிய நாடா அங்கங்கே ஓட்டையாகிவிட்டது, விளிம்பு பல் பல்லாக நிற்கிறது. மாற்றாததில் முதல் நாள் குமிழி வந்தது, பிறகு அடங்கிவிட்டது. மேலே வெள்ளையாக ஒரு படலம் போர்த்திக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. காரணம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலோகம் அரிக்க அரிக்கத் தண்ணீர் காரமாகும். தேங்கிய அந்தக் காரமே படலமாகி உலோகத்துக்குக் காவல் நிற்கும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் கை கட்டி உட்காரும் வகுப்பைப் பார்த்து மார்க் போட்டது மாதிரிதான்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. உன் ஜாடியில் தண்ணீர் மாற்றாமல் விட்டுப்போனால், கெட்ட ஸ்க்ரூவும் நல்ல ஸ்க்ரூவாகத்தானே தெரியும்?

இதற்குப் பதில் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

ஆமாம், மூன்று நாள் மாற்றவில்லை.

பேட்ச் 47 தொட்டியில் இருந்த வாரம் குளிரூட்டும் மோட்டார் மக்கர் செய்தது. தோல் சில இடத்தில் மெலிந்திருக்கலாம் என்று எல்லோருக்கும் சந்தேகம். சோதனையில் தெரிந்துவிடும் என்று என்னிடம் விட்டார்கள். நடுவில் மூன்று நாள் விடுமுறை. தண்ணீர் மாற்றும் முறை என்னுடையது. குவார்ட்டர்ஸிலிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை. காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், மழையில்லை, உடம்பு சரியில்லாமலும் இல்லை. படுத்திருந்தேன், அவ்வளவுதான். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் குமிழி குறைந்திருந்தது. சந்தோஷப்பட்டேன், அக்கா. அந்தச் சந்தோஷத்தில் காலியாக இருந்த மூன்று கட்டத்திலும் டிக் போட்டேன். பதினான்கு நாள் கூட்டுத்தொகை எல்லைக்கு ஒரு நூல் கீழே நின்றது. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு மறந்தே போனேன். நீ ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணை எழுதும் வரை.

ஒவ்வொரு பேட்ச்சிலும் சில ஸ்க்ரூவை எடுத்து வைத்திருப்போம். உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று அவற்றை எடுத்து, ஒரு நாள் தவறாமல் தண்ணீர் மாற்றி மறுபடி சோதித்தேன். ஒன்பதாம் நாள் தோல் உரிந்துவிட்டது. பதினான்காம் நாள் ஸ்க்ரூவின் தலை பாதி இல்லை. மறுநாள்தான் உனக்கு அந்தக் கேள்விகளை எழுதினேன்.

மேலாளரிடம் சொன்னேன். நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்போம், சுற்றிலும் கண்ணாடி வைத்த அறைக்குள் இருப்பவர். கதவைச் சாத்தச் சொன்னார். "கரையறதுக்குத்தானேய்யா செஞ்சோம், கரையுது. இதுல என்ன புகார்?" என்றார். பிறகு என் டிக்குகளைக் காட்டி, "இந்தக் கட்டத்துல இருக்கறது என் கையெழுத்து இல்ல" என்றார். அன்றிலிருந்து தினமும் கார்டைத் தேய்த்து உள்ளே போகிறேன், அதே ஜாடிகளுக்கு முன்னால் உட்காருகிறேன், அவர் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், இந்தத் தொழிலில் வேறு யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். திறக்காவிட்டால் உன் கால்.

அந்தப் பேட்ச்சில் இருபத்து நாலு ஸ்க்ரூ வெளியே போயிருக்கிறது, எல்லாம் உன் ஆஸ்பத்திரிக்குத்தான். ஆளுக்கு இரண்டு.

நீ உடனே போய் எக்ஸ்ரே எடு. வலி தாங்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொல். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதே.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவும் நாலாவது மாடிக்காரரும் நாற்காலியோடு என்னைக் கீழே இறக்கினார்கள். எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஸ்க்ரூவைச் சுற்றிக் கருமையாக ஒரு வளையம். எலும்பு கூடாமல் விலகி நிற்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கீறி, இருப்பதைச் சுரண்டி எடுத்து ஸ்டீல் போடுகிறார்கள்.

நான் குறித்த தேதிக்கு முன்பே வந்ததைப் பார்த்து டாக்டர், "எப்படிம்மா உங்களுக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். டீச்சர் புத்தி என்று சொல்லிச் சிரித்தேன். இவ்வளவு வயதில் ஒரு டாக்டரிடம் சொன்ன முதல் பொய்.

வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. வலது காலில் கட்டு. மெஷினை மிதிக்க அந்தக் கால்தான் வேண்டும் என்றாள். "நீங்க எந்திரிச்சு நடக்க எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று கேட்டாள். அவள் மடியில் அதே ஃபைல். அதைத் திறந்து காட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதோ மழுப்பினேன். இருபத்து நாலை இரண்டால் வகுத்தால் பன்னிரண்டு. என்னைக் கழித்தால் பதினொன்று. இந்தக் கணக்கை நீ எழுதாமல் விட்டுவிட்டாய்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். மூன்று நாள் படுத்திருந்ததைக்கூட மன்னித்துவிடலாம், எல்லோரும் ஒருநாள் படுத்துவிடுகிறோம். நீ என்னை மட்டும் வெளியே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தப் பார்க்கிறாய். நான் வெளியே வரவில்லையடா, உன்னோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். இங்கே படுத்து அந்த நீலச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் தையல்காரியின் கால்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் டாக்டர் மறுபடி கேட்பார். இரண்டாவது பொய் என்னால் முடியாது. அதற்கு முன் நீ சொல்லிவிட்டால், அது நீ சொன்னதாக இருக்கும்.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மாமா சொன்னார். வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார். நீ எப்படி இருக்கிறாய்?

வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, என் டிக்குகளும் இரண்டாவது சோதனையின் அளவுகளும் சேர்த்து, டாக்டருக்கு ஒன்றும் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றும் அனுப்பினேன். கண்ணாடிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அக்காவுக்குத்தான் சரி பண்ணியாச்சுல்ல, அப்புறம் என்னய்யா?" என்று கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

விசாரணை முடியும் வரை ஜாடிகளைத் தொடக்கூடாது. ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு எழுந்திருக்கலாம். அட்டைப்பெட்டிகளைத் தவிரப் பேச ஆளில்லை. ஒரு நாள் ஒரு பெட்டியிடம் நலம் விசாரித்தேன்.

கம்பெனி பதினொரு பேருக்கும் ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. "வழக்கமான தொடர் பரிசோதனை, வசதிப்படும்போது வரவும்" என்று. ஏழு பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு உன்னுடையது போலவே கருவளையம். நீ பெஞ்சில் பார்த்த தையல்காரி இந்தப் பதினொரு பேரில் இல்லை, அவருடையது வேறு பேட்ச்சாம், டாக்டர் உன்னிடம் சொல்லச் சொன்னார். நாலு பேர் வரவில்லை. வழக்கமானதுதானே என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது. போன் போட்டால், பிறகு வருகிறோம் என்கிறார்களாம். நாள் போகப் போக எலும்பு விலகும்.

நான் என் கைப்பட எழுதிக் கொடுத்தால் ஆள் மூலம் வீட்டுக்கே கொடுத்தனுப்புவதாக டாக்டர் சொன்னார். ஐந்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். "வணக்கம், நலம், நலமறிய ஆவல்" என்று எழுதுகிறேன். அதோடு நின்றுவிடுகிறது. கிழிக்கிறேன். மறுபடி அதே வரி. நீ எழுதிக் கொடுத்துவிடு, அக்கா. நான் பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறேன். உனக்குத்தான் இதெல்லாம் வரும்.

உன் தம்பி


மே 14

தம்பி,

எழுதித் தர மாட்டேன். ஆய்வுக்கூட நோட்டை அடுத்தவரைப் பார்த்து எழுதியவர்களுக்கு நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

உன் கடிதங்களை வரிசையாக அடுக்கி இன்று மறுபடி படித்தேன். மார்ச் ஐந்தாம் தேதி கடிதம்தான் என்னைச் சுட்டது. அப்போது உனக்கு எல்லாம் தெரியும். முதல் வரியில் நீ நலமா, இரண்டாம் வரியில் கால் நலமா, கடைசியில் மாமா நலமா. அதற்குப் பின்னால் போய் நீ ஒளிந்துகொண்டாய். நானும் நலம் நலம் என்று பதில் எழுதி உன்னை இன்னும் உள்ளே தள்ளினேன். கம்பெனித் தாளும் அதையேதான் செய்திருக்கிறது, கொஞ்சம் இஸ்திரி போட்ட மொழியில். மரியாதையாக ஆரம்பித்தால் மரியாதையாகவே முடிந்துவிடும். படிக்கிறவர் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

எனக்கு இன்னும் மூன்று மாதம் இந்தக் கட்டில்தான். ஸ்டீல் ஸ்க்ரூவை அடுத்த வருடம் மறுபடி கீறி எடுக்க வேண்டும். மாமா உன் பெயர் வந்தால் டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறார். ஆனால் நேற்று, அவன் சாப்பிடுகிறானா என்று கேட்டார். என் கோபம் எப்போது தீரும் என்று எனக்கே தெரியவில்லை. தீர்ந்ததும் சொல்கிறேன். இப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, நாலு பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

நாளைக் காலை ஸ்டோர் ரூமுக்குப் போகும்போது நாலு தாள் கொண்டு போ. வணக்கம் வேண்டாம், நலம் விசாரிக்காதே. "உங்கள் காலில் இருக்கும் ஸ்க்ரூவைச் சோதித்தவன் நான். மூன்று நாள் தண்ணீர் மாற்றவில்லை, மாற்றியதாக எழுதினேன். இன்றே போய் எக்ஸ்ரே எடுங்கள்" என்பதை முதல் மூன்று வரியாக எழுது. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படி. அதற்குப் பிறகு அவர்கள் நலமா என்று கேள்.